மாலை போட்டால் தோன்றாத பீடி, கழற்றியதும் ஏன் தோன்றுகிறது?

இந்த வாரக் கடிதம் ஆலங்குளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 52. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றி, விடிவதற்குள் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஆள் யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் அம்மா பீடி சுற்றியவர். 17 வயதில் அம்மாவின் சுளவிலிருந்து (முறத்திலிருந்து) ஒரு பீடியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்ப் பற்றவைத்ததில் ஆரம்பித்தது. இப்போது மனைவி சுற்றுகிறார். ஆக, 35 வருடமாக அந்த வீட்டில் பீடி இல்லாத நாளே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு, மார்க்கெட் அதிகமுள்ள நாளில் ஒன்றரைக் கட்டு. எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் பீடி. காலையில் சளியோடு இருமல். முன்பு இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கியவருக்கு இப்போது ஒரு மூட்டைக்கே மூச்சு வாங்குகிறது.

இருபது வருடமாக கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். 48 நாளும் பீடியைத் தொடுவதில்லை. "முதல் நாலு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் நெனப்பே வராது" என்கிறார். ஆனால் மலைக்குப் போய் வந்து, பிள்ளையார் கோயிலில் குருசாமி மாலையைக் கழற்றியதும், அரை மணி நேரத்துக்குள் முக்குக் கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பாராம். ஒரே ஒரு வருடம் மட்டும் கழற்றிய பிறகும் பங்குனி வரை தாக்குப்பிடித்திருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போன இடத்தில், சுடலைக்குப் படைத்த சுருட்டில் ஒன்றைப் பெரியவர் ஒருவர் பிரசாதமாக நீட்டினார். மறுக்க முடியாமல் வாங்கி இழுத்தார். ஒரே வாரத்தில் பழைய ஒரு கட்டுக் கணக்குக்கு வந்துவிட்டார்.

தை மாதம் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் விட்டுவிட வேண்டும் என்பது ஆசை. "சாமி கழுத்துல இருக்கும்போது முடியுது. இறக்கி வச்சா முடியல. அப்போ எனக்குன்னு மனசுல திடமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். கூடவே சின்னச் சின்னக் கேள்விகள் சில. அவற்றை வருகிற இடத்தில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நெஞ்சக மருத்துவராக என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "ஒரு நாள்கூட விட முடியாது" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நீங்கள் இருபது முறை, ஒவ்வொரு முறையும் 48 நாள் விட்டிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் 960 நாள். இரண்டரை வருடத்துக்கும் மேலே பீடி இல்லாமல் இருந்த மனிதர், தனக்குத் திடமில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களிடம் இல்லாமல் போனது திடம் இல்லை. 49-ஆம் நாளுக்கு ஓர் ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

மாலை செய்கிற வேலை

பீடிப் புகையில் உள்ள நிகோடின், இழுத்த சில விநாடிகளிலேயே மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். அதனால்தான் தூங்கி எழுந்ததும் அந்த முதல் பீடிக்கு அவ்வளவு அவசரம். விட்டவருக்கு எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காதது எல்லாம் முதல் நாளே தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். "முதல் நாலு நாள் எரிச்சல்" என்று நீங்கள் எழுதியது மருத்துவப் புத்தகத்தில் உள்ள கணக்கேதான்.

அப்படியென்றால் மாலை கழற்றுகிற நாளில் உங்கள் உடம்புக்கு நிகோடின் தேவையே இல்லை. அது மண்டலம் பாதி தாண்டும்போதே அடங்கிவிட்டது. பிறகு யார் உங்களை முக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? அந்த முக்கு, அந்த டீ, ஓலைக்கடையில் தொங்கும் கயிறு கருகுகிற வாசனை, 'வாங்கண்ணே, மலைக்குப் போயிட்டு வந்தாச்சா' என்று கேட்டுக்கொண்டே ஒன்றை உருவி நீட்டுகிற கை. 35 வருடமாக இவையெல்லாம் பீடியோடு சேர்த்து மூளையில் பதிந்தவை. உடம்பு மறந்தாலும் இந்தப் பதிவு மறக்காது. அதைக் கிளப்பிவிட ஒரு வாசனை போதும்.

இப்போது மாலை உங்களுக்கு என்னென்ன செய்து கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தேதி குறித்துக் கொடுத்தது. ஊருக்கே அறிவித்தது. கழுத்தில் மாலையைப் பார்த்ததும் யாரும் பீடியை நீட்டுவதில்லை. நீட்டப் போன கையும் "சாமி, மன்னிச்சிருங்க" என்று பின்னே போகும். கடைச் சாப்பாடும் கடை டீயும் நின்றன. விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை என்று பொழுது மாறியது. கூடவே குருசாமியும் பத்து சாமிமாரும் இருந்தார்கள். உங்கள் பெயரே மாறிப் போனது. பழக்கத்தை விட நாங்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொல்லித் தருகிற அத்தனையும் அந்த ஒரு மாலைக்குள் இருக்கிறது. ஐயப்பன் மேல் நீங்கள் வைத்த பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பக்தி உங்களுக்குக் கட்டிக் கொடுத்த வேலியைக் காட்டுகிறேன். கழற்றுகிற நாளில் வேலி மொத்தமும் ஒரே நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. அதோடு "48 நாள் இருந்தாச்சு, இனி குடிக்கலாம்" என்ற எண்ணத்தோடுதான் மாலையே போடுகிறீர்கள். முடிவுத் தேதி உள்ள விரதம், அந்தத் தேதியில் முடிகிறது. இதில் உங்கள் மனதின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

யார் துணையும் மருந்தும் இல்லாமல் தானாக விட முயல்கிறவர்களில், ஒரு முயற்சிக்கு நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்கிறார்கள். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை கூடுகிறது. மனத்திடம் மட்டும் போதும் என்றால் ஊரில் ஒருவரும் பீடி குடிக்க மாட்டார்கள் அண்ணாச்சி.

உங்கள் மச்சான் சொன்னதும் மற்றவையும்

"முப்பத்தஞ்சு வருசம் குடிச்சவன் சடார்னு விட்டா நெஞ்சடைக்கும்" என்று மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களே இருபது முறை சடாரென்று விட்டவர், ஒன்றும் ஆகவில்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ரத்தத்தில் பிடித்துக்கொள்ளும். விட்ட ஓரிரு நாளிலேயே அது குறைந்துவிடும். புகைப்பதால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதியாக இறங்கும். மூட்டை தூக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ வந்தால் அது விட்டதால் வருவது அல்ல, குடித்ததால் வருவது. உடனே இசிஜி எடுங்கள்.

"நாளைக்கு நாலு பீடியாகக் குறைத்தால் போதாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்று உண்டு. நாளுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் இருக்கிறது என்பது அதன் முடிவு. பீடியைக் குறைத்த அளவுக்கு ஆபத்து குறைவதில்லை. தவிர, நாலாகக் குறைத்தவர் அந்த நாலையும் அடிவரை, ஆழமாக இழுப்பார். நாலு எப்போது பத்தாகும் என்பது ஒரு கல்யாண வீட்டுத் தூரம்தான்.

"பீடி இலைதானே, சிகரெட் மாதிரி பேப்பர் இல்லையே" என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரோடியது. பீடிக்குள் இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது. இழுக்காமல் இருந்தால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அப்படி உள்ளே போகிற நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

உங்கள் சித்தப்பா டிபியில் போனதைச் சொல்லி, "அது பீடியால இல்ல, காசநோயால" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களையும் உயிரோடு இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு, சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்று அதில் தெரிந்தது. நம் தமிழ்நாட்டு ஆண்களின் கணக்கு இது. கிருமி வேறு, பீடி வேறுதான். ஆனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது புகை. உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மாலை போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். பேறுகாலத்துக்கு வருகிற மகளுக்காகவும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ, எடை காரணமில்லாமல் இறங்கினாலோ, வாயில் ஆறாத வெள்ளைத் தடிப்போ புண்ணோ இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"52 வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?" பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 50 வயதில் விட்டவர்கள், விடாமல் குடித்தவர்களைவிட சராசரியாக ஆறு வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 60-இல் விட்டவர்களுக்கே மூன்று வருடம் கிடைத்தது. பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்கு ஆறு வயது ஆவதை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற வயது அது.

விட்டபின் வருகிற இரண்டு மூன்று தொல்லைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயந்து திரும்பிவிடுவீர்கள். மாலை போட்ட முதல் இரண்டு வாரம் இருமல் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சுக்குழாயில் சளியைக் கூட்டித் தள்ளுகிற மெல்லிய இழைகள் உண்டு. புகையில் மயங்கிக் கிடந்தவை மறுபடி வேலைக்கு வருவதால் இப்படி ஆகும். சில வாரத்தில் சரியாகும். காலையில் ஒன்று இழுத்தால்தான் வெளிக்குப் போகும் என்கிறீர்கள். நிகோடின் குடலையும் முடுக்கும் என்பதால் விட்டதும் மலச்சிக்கல் வருவது சகஜம். எழுந்ததும் இரண்டு செம்பு வெந்நீர், சாப்பாட்டில் கீரை, கூடவே வாழைப்பழம். சில வாரத்தில் குடல் தானே பழகிக்கொள்ளும்.

இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. பீடிப் புகையில் உள்ள சில பொருட்கள், காபி டீயில் உள்ள கஃபீனை ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடும். புகை நின்றால் அதே டீ உடம்பில் வெகு நேரம் தங்கும். ராத்திரி ஓட்டத்தில் ஆறு டீ குடிக்கிறீர்கள். பீடியை விட்ட பிறகும் அதே ஆறு டீ என்றால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பகலில் தூக்கம் வராது. "பீடியை விட்டதால்தான் இப்படி" என்று நினைத்து ஒன்றைப் பற்றவைப்பீர்கள். விரதக் காலத்தில் கடை டீயை நிறுத்திவிடுவதால்தான் இந்தத் தொல்லை உங்களுக்கு வரவில்லை. டீயை மூன்றாகக் குறையுங்கள். மூச்சுக்கு ஒரு மாத்திரை போடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அது தியோபிலின் வகையாக இருந்தால் இதே காரணத்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "பீடியை விடப் போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சூயிங்கம், மாத்திரை

"அது இன்னொரு அடிமைப் பழக்கம் இல்லையா" என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். நிகோடின் சூயிங்கத்தில் இருப்பதும் நிகோடின்தான். ஆனால் புற்றுநோயைத் தருவதும் நுரையீரலை அரிப்பதும் பெரும்பாலும் புகையில் வரும் மற்ற நச்சுகள். அவை இதில் கிடையாது. மெதுவாக ரத்தத்தில் சேர்வதால் பீடி தருகிற அந்தத் திடீர்ச் சுகமும் இருக்காது. தவிப்பை மட்டும் தணிக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் முறை. 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். எழுந்து ஐந்து நிமிடத்தில் பற்றவைக்கிற உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

மெல்லுகிற விதம் முக்கியம். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கல் வரும், வயிறு எரியும், பலனும் இருக்காது. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று தெரிகிறவரை மெதுவாக மெல்லுங்கள். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு. இப்படி அரை மணி நேரம். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. வாயில் கம் இருக்கும்போதும் ஒன்றும் குடிக்க வேண்டாம்.

பூப்ரோபியான், வரெனிக்லின் என்று இரண்டு மாத்திரைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விடுகிற தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்கு பூப்ரோபியான் கூடாது. வரெனிக்லின் சிலருக்குத் தலைசுற்றலும் மயக்க நிலையும் தரும். நீங்கள் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர், அதனால் டாக்டரிடம் முதலில் தொழிலைச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ போய் "பீடியை விட வேண்டும்" என்று சொன்னாலே போதும். மனநலப் பிரிவு என்றதும் தயங்காதீர்கள். பழக்கத்தை விடுவிப்பது அவர்கள் தினமும் செய்கிற வேலை. ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனையையும் அங்கே கேட்டு வாங்குங்கள். போக நேரமில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. புகையிலைப் பாக்கெட்டுகளின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். தமிழிலும் பேசலாம்.

மருமகன் வாங்கித் தருவதாகச் சொன்ன எலெக்ட்ரானிக் சிகரெட் வேண்டாம். அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2019 முதல் நம் நாட்டில் குற்றம். பீடிக்குப் பதில் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்குவதும் தீர்வாகாது. அது வாய்ப் புற்றுநோய்க்குப் போகிற வழி.

மதினியின் சுளவு

கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது இந்த வரி: "பீடியைக் கெட்டதுன்னு சொன்னா, அதைச் சுத்தி எம் பிள்ளைகளைப் படிக்க வச்சவள நான் பழிச்ச மாதிரி ஆயிரும்னு தோணுது."

எங்கள் ஆச்சியும் பீடி சுற்றியவர். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து மடியில் சுளவை வைத்துக்கொள்வார். நனைத்து வைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைத் தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றி, நகத்தால் வாயை மடக்குவார். பேசிக்கொண்டே இருப்பார், கை மட்டும் நிற்காது. சாயங்காலம் பீடிக்கடையில் ஆயிரத்தை எண்ணிக் கொடுக்கும்போது கழிவு என்று ஒரு கையளவைத் தள்ளிவிட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் பேச்சே இருக்காது. அவர் ஆயுளில் ஒரு பீடி குடித்ததில்லை. இருந்தும் கடைசிவரை இருமல் விடவில்லை. நான் மருத்துவம் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. தூளின் தூசி மூச்சில் போகும். நிகோடின் ஈர விரல் வழியாகத் தோலிலேயே ஊறும்.

பீடியை நீங்கள் விடுவது மதினியின் உழைப்பைப் பழிப்பதாகாது. அவர் சுற்றுகிற ஆயிரத்தில் நீங்கள் ஒரு கட்டைக் குடிப்பதால் அவருக்குக் கூலி கூடுவதுமில்லை. தொழிலை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அதில்தான் வீடு நடக்கிறது. ஆனால் மூன்று காரியம் வேண்டும். ஒன்று, எண்ணிக் கட்டிய பீடியும் கழிவும் உங்கள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் வைத்து, சாவி மதினியிடம் இருக்கட்டும். இரண்டு, மகள் வருவதற்கு முன்பே சுளவும் இலையும் தூளும் படுக்கிற அறையைவிட்டுத் திண்ணைக்கோ பின்கட்டுக்கோ போய்விட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி கை உதவிக்குக்கூடச் சுற்றக் கூடாது. பச்சைப் பிள்ளையைத் தூக்கும் முன் மதினி சோப்புப் போட்டுக் கை கழுவி, சேலையை மாற்றிக்கொள்ளட்டும். மூன்று, மதினியையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. பி.எஃப். கணக்கு சரியாக ஏறுகிறதா என்பதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அது அவர் உரிமை.

இன்னொன்று. மதினி நீங்கள் பாதி குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் வண்டியில் ஒளித்துக் குடித்துவிட்டு ஏலக்காயை மென்று வீட்டுக்குள் போகிறீர்கள். இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். சண்டை வரலாம், வரட்டும். ஒளித்துக் குடிக்கிறவருக்கு வீட்டில் யாரும் துணை நிற்க முடியாது.

கழற்றுகிற நாள்

கார்த்திகை ஒன்றாம் தேதியே விடுகிற தேதியாக இருக்கட்டும். உங்களுக்குப் பழகிய நாள் அது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து, சோதனைகளை முடித்துவிடுங்கள். மாலை போடும்போது குருசாமியிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: "சாமி, இந்தத் தடவை பீடிக்கு மட்டும் நான் மாலையைக் கழற்றப் போவதில்லை." அவர் காதில் போட்டு வைத்தால் சாமிமார் அத்தனை பேர் காதிலும் விழும். அது நல்லதுதான்.

கம் எப்போது வேண்டும் என்று கேட்டால், முதல் மாதத்தைவிட உங்களுக்குக் கழற்றிய பிறகுதான் அதிகம் தேவைப்படும் என்று தோன்றுகிறது. வழக்கமாக நாங்கள் சொல்வதற்கு இது மாறானது. ஆனால் இருபது வருடக் கதை உங்களுடையது, அதை வைத்துத்தான் சொல்கிறேன். உங்களைப் பார்க்கிற டாக்டரிடமும் இதைச் சொல்லி, அவர் சரி என்றால் கழற்றுகிற அன்றைக்குப் பையில் கம் இருக்கட்டும்.

அந்த நாளை மணிக்கணக்காகத் திட்டமிடுங்கள். பிள்ளையார் கோயிலில் கழற்றிய பிறகு நேரே வீடு. முக்கு வழியாக வேண்டாம், சுற்றுவழியாக இருந்தாலும் பரவாயில்லை. கூட ஒரு சாமி வரட்டும். சாப்பாடு முடிந்ததும் குளிப்பு, தூக்கம். அடுத்த இரண்டு நாள் வண்டி எடுக்காமல் இருக்க முடிந்தால் இருங்கள். அப்புறம் வண்டி எடுக்கும்போது நெருப்புப் பெட்டி வண்டியில் இருக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் தவறி விழுந்த பீடி கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கட்டாயம் கிடக்கும். டீக்கு வேறு கடையைப் பிடியுங்கள், பீடி விற்காத கடையாக. பொது இடத்தில் புகைப்பது 2008 முதல் சட்டப்படி தடை என்பதால், பக்கத்தில் நின்று ஊதுகிறவரிடம் "கொஞ்சம் தள்ளிப் போங்க அண்ணே" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நினைப்பு வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கும். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கை வறுகடலையும் போதும். ராத்திரி ஓட்டத்தில் கண் அசந்தால் பீடிக்குப் பதிலாக வண்டியை ஓரம் கட்டிக் கால் மணி நேரம் தூங்குங்கள். தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான்.

பங்குனி உத்திரத்தில் சுருட்டை நீட்டினால் மறுக்க வேண்டாம். சாமிக்குப் படைத்தது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுடலையின் பீடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொள்ளுங்கள். நீட்டியவருக்கும் மனக்குறை இருக்காது.

எங்காவது ஒன்றை இழுத்துவிட்டீர்கள் என்றே வையுங்கள். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மதினியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் டாக்டருக்கோ அந்த இலவச எண்ணுக்கோ பேசுங்கள். அந்த வருடம் உங்களைக் கவிழ்த்தது சுருட்டு அல்ல. "போச்சு, எல்லாம் போச்சு" என்று நீங்கள் விட்டுவிட்ட அடுத்த ஒரு வாரம்தான்.

மாலை கழற்றிய மூன்றாவது நாள் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் அண்ணாச்சி. சளிப் பரிசோதனை முடிவையும் சேர்த்து எழுதுங்கள். மாசியில் பேரனோ பேத்தியோ, அதையும்.